பாதி வேலை, 20 சதவீத ஊனம்: ஒரு பிரஸ் தொழிலாளியின் இஎஸ்ஐ கணக்கு

இங்கே வரும் தொழிலாளி தனி ஒருவர் அல்ல. அம்பத்தூர், கோவை, ஓசூர் பக்கம் உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓடும் சிறு ஆலைகளில் வழக்கமாக நடப்பவற்றைச் சேர்த்து, கணக்கு விளங்குவதற்காக அமைத்துக்கொண்ட மாதிரி இது. தேதிகளும் சம்பளமும் மாதிரிக்கு உரியவை. விதிகளும் விகிதங்களும் 2023–24-இல் நடைமுறையில் இருந்தவை. வேறு சட்டத்தின் பெயர் சொல்லாத இடங்களில் பிரிவு எண்கள் 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இஎஸ்ஐ) சட்டத்தை ஒட்டியவை. 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டதால், அதற்குப் பிந்தைய விபத்துகளுக்குப் பிரிவு எண்களையும் ஊதிய வரையறையையும் புதிதாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தொழிலாளிக்கு நாள்கூலி 600 ரூபாய், மாதம் 26 நாள், ஆக 15,600. எட்டு வருட சர்வீஸ். 2023 நவம்பர் 6, திங்கட்கிழமை, முதல் ஷிப்டில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின. பெடலை ஒருமுறை மிதித்ததற்கு, மேலிருந்து வந்து தகட்டை அழுத்தும் பாகமான ராம் இரண்டு தடவை இறங்கியது. கிளட்ச் சாவி தேய்ந்த பழைய பிரஸ்களில் இது தெரிந்த கோளாறுதான்.

விபத்து அன்றைக்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். விபத்துப் பதிவேட்டிலும், நிர்வாகம் இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு அனுப்பும் 12-ஆம் படிவத்திலும் மெஷின், நேரம், செய்துகொண்டிருந்த வேலை, பக்கத்தில் இருந்த சாட்சி ஆகிய நான்கும் ஏற வேண்டும். ‘வீட்டில் கதவு இடுக்கில் மாட்டியது என்று சொல்லிவிடு, ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சூப்பர்வைசர் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தில், ஊதியத்தில் 90 சதவீதமாக வரும் விபத்து உதவி 70 சதவீத நோய் உதவியாக இறங்கும்; ஆயுள் முழுக்க வரவேண்டிய நிரந்தர ஊன உதவியும் போய்விடும். மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டியது தன் தப்பு, அதனால் பணம் வராது என்று தொழிலாளியே பயந்து மறைப்பதும் உண்டு. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. விதியை மீறியிருந்தாலும், செய்தது முதலாளியின் தொழிலுக்கான வேலை என்றால் அது பணியிட விபத்துதான் என்று 51-பி பிரிவு சொல்கிறது.

146 நாள்

நவம்பர் 7 முதல் மார்ச் 31 வரை 146 நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. இந்தக் காலத்துக்கு உரியது தற்காலிக ஊன உதவி: சராசரி நாள் ஊதியத்தில் 90 சதவீதம். எந்த மாதங்களின் சராசரி என்பதில்தான் பலரும் குழம்புவார்கள். விபத்துக்கு முந்தைய மாதச் சம்பளத்தை இதற்கு எடுப்பதில்லை. ஜூலை முதல் டிசம்பர் வரை நடக்கும் விபத்துக்கு, அதற்கு முந்தைய அக்டோபர்–மார்ச் சந்தாக் காலம்தான், அதாவது இஎஸ்ஐக்குச் சந்தா பிடித்த அந்த ஆறு மாதம்தான் கணக்கு. ஏப்ரலில் கூலி ஏறியிருந்தால் அந்த ஏற்றம் இதில் சேராது. ஓவர்டைமுக்குச் சந்தா பிடித்திருந்தால் அது சேரும். கையில் ரொக்கமாகக் கொடுத்த ஓவர்டைம் சேராது.

2022 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை நம் தொழிலாளிக்கு 156 நாளுக்கு 93,600 ரூபாய். சராசரி 600, அதில் 90 சதவீதம் 540. ஞாயிறும் சேர்த்து எல்லா நாளுக்கும் கணக்கிடுவதால் 30 நாள் மாதத்துக்கு 16,200 வரும். சம்பளத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறதே என்று வியப்பவர்கள், சந்தா விவரத்தில் ‘நாட்கள்’ என்ற கட்டத்தைப் பார்க்க வேண்டும். அதே 15,600-ஐ, வாரவிடுமுறைக்கும் சேர்த்துச் சம்பளம் வாங்கும் மாதச் சம்பளக்காரருக்கு 30 நாள் என்று போட்டால் சராசரி 520, உதவி 468, மாதம் 14,040. நாள்கூலிக்காரருக்கு நிர்வாகம் 26-க்குப் பதில் 30 என்று நிரப்பியிருந்தால் மாதம் 2,160 ரூபாய் இழப்பு; அதுவே பின்னால் நிரந்தர உதவியிலும் தொடரும். ஊனத்தின் அளவை முடிவுசெய்யும் மெடிக்கல் போர்டுக்குப் போகும் முன்பே கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் திருத்தவேண்டியது இது.

146 நாளுக்கு மொத்தம் 78,840 ரூபாய். இதற்கு நடுவில், ஜனவரி வாக்கில், ஆலையிலிருந்து ஒரு போன் வரும். ‘பிரஸ்ஸில் நிற்க வேண்டாம்பா, சும்மா வந்து பேக்கிங்கில் உட்காரு, அரைச் சம்பளம் போட்டுக்கலாம்.’ இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

தற்காலிக ஊன உதவியில் அரைநாள் கணக்கு என்று ஒன்று கிடையாது. ஒரு நாளில் வேலை பார்த்தால், அது ஒரு மணி நேரமானாலும், அந்த நாளுக்கு உதவி இல்லை (63-ஆம் பிரிவு). 300 ரூபாய் வாங்கப் போய் 540 ரூபாயை விடுகிறார். அதைவிட முக்கியம், சட்டம் தற்காலிக ஊனத்தை வரையறுக்கும் விதம்: சிகிச்சை தேவைப்படுகிற நிலையில், விபத்தின்போது செய்துகொண்டிருந்த அந்த வேலையைச் செய்ய முடியாமல் இருப்பது. பேக்கிங்கில் உட்கார முடியும் என்பது இங்கே பொருட்டே இல்லை. பிரஸ் ஓட்ட முடியுமா என்பதே கேள்வி. சிகிச்சை நடக்கிறவரை இஎஸ்ஐ டிஸ்பென்சரி மருத்துவரிடம், ‘லேசான வேலை பார்ப்பேன் டாக்டர்’ என்று தானாக வாய்விடத் தேவையில்லை. ஃபிட் சர்டிபிகேட் எழுதப்பட்டதும் 540 நின்றுவிடும். போர்டு முடிவு வர மாதங்கள் ஆகும். நடுவில் அரைச் சம்பளம் மட்டும் மிஞ்சும்.

உதவி வாங்கிக்கொண்டே ரகசியமாக வேலைக்குப் போவதும் ஆபத்து. கிளை அலுவலகம் நிர்வாகத்திடம் வராமைச் சான்று கேட்கும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், பொய்த் தகவலுக்கான தண்டனையும் சட்டத்தில் உண்டு. இந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ நிர்வாகத்துக்கு அதிகாரம் இல்லை. 73-ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தக் கவசம் ஃபிட் சர்டிபிகேட்டோடு முடிந்துபோகும்.

போர்டு

ஃபிட் சர்டிபிகேட் என்ற இறுதிச் சான்றுக்குப் பின் மெடிக்கல் போர்டு வருமானத் திறன் இழப்பைச் சதவீதமாக நிர்ணயிக்கும். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7, கட்டைவிரல் 30. ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20. பதினாலும் பன்னிரண்டும் இருபத்தாறு அல்லவா என்று கேட்டால், அட்டவணை அப்படித்தான் இருக்கிறது என்பதே பதில். வலதா இடதா என்ற வேறுபாடும் அதில் இல்லை. எழுதும் கை, பிடிக்கும் கை என்ற வாதம் நியாயமானதுதான், ஆனால் எண்ணை மாற்றாது. எண்ணை உயர்த்தக்கூடியது அட்டவணையில் அடங்காத கூடுதல் பாதிப்பு: மீதி விரல்களின் விறைப்பு, மடக்க முடியாமை, விரல் போன இடத்தில் மிஞ்சிய அடித்தண்டில் தொட்டாலே சுளீரென்னும் நரம்பு முடிச்சு. இவற்றுக்கான மருத்துவக் குறிப்பும் எக்ஸ்ரேயும் கையில் இருக்க வேண்டும். ‘வலிக்குது சார்’ என்பதைவிட, ‘கட்டைவிரலும் மோதிர விரலும் சேர்த்துத்தான் எதையும் எடுக்க முடிகிறது, வெர்னியர் நழுவுகிறது’ என்று சொல்வது போர்டுக்குப் புரியும்.

நம் தொழிலாளிக்கு 20 சதவீதம். 540-இல் 20 சதவீதம் 108 ரூபாய். 30 நாள் மாதத்துக்கு 3,240. தற்காலிக உதவி முடிந்த மறுநாளான ஏப்ரல் 1 முதல் ஆயுள் முழுக்க. போர்டு முடிவு ஆகஸ்டில் வந்தால் ஏப்ரல்–ஜூலை 122 நாளுக்கு 13,176 ரூபாய் நிலுவை சேர்ந்து வரும். முடிவில் திருப்தி இல்லையென்றால் மூன்று மாதத்துக்குள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அல்லது நேரடியாக இஎஸ்ஐ நீதிமன்றம்.

போர்டு சொல்லும் 20-ஐயும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் வரும் சதவீதத்தையும் ஒன்றென்று நினைக்கக் கூடாது. அது வேறு அளவுகோல், வேறு மருத்துவக் குழு. அரசு இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு அங்கே 40 சதவீதம் வேண்டும்.

குறைத்த நேரத்தை எப்படிக் குறைப்பது

2024 ஏப்ரல் 1, திங்கட்கிழமை, வேலைக்குத் திரும்புகிறார். பிரஸ் இல்லை; செக்கிங் டேபிள். முழு ஷிப்டுக்கு ஆள் வேண்டாம் என்கிறது நிர்வாகம். முழு ஷிப்டுக்குக் கையும் தாங்காது. வாரம் 24 மணி நேரம் என்று பேச்சு முடிகிறது. ஆறு மாதத்துக்கு 46,800, மாதம் 7,800. அதை எந்த நாட்களில் பரப்புவது என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. ஆனால் கையில் வரும் கூலி ஒன்றாக இருந்தாலும், பரப்பும் விதத்தைப் பொறுத்து மற்ற உரிமைகள் முற்றிலும் மாறும்.

பொதுவாக நிர்வாகம் சொல்வது வாரம் மூன்று நாள், முழு ஷிப்ட். தொழிலாளிக்கும் பிடிக்கும், பஸ் செலவு பாதி, மீதி மூன்று நாள் வேறு ஏதாவது பார்க்கலாம். ஆனால் நோய் உதவி பெற ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா இருக்க வேண்டும். 26 வாரம், வாரத்துக்கு மூன்று நாள், 78. சரியாக விளிம்பு. ஒரு காய்ச்சல், ஒரு துக்கம், 77 ஆகிவிடும். சம்பளத்தோடு வரும் மே 1, ஆகஸ்ட் 15 போன்ற விடுமுறைகள் அவருடைய முறை நாளில் விழுந்தால் எண்ணிக்கை குறையாது. ஆனால் விடுமுறைக்குச் சம்பளம் தராமல் ‘அன்றைக்கு உனக்கு முறை இல்லை’ என்று நாளை மாற்றிப்போடும் வழக்கமும் இருக்கிறது.

மறுபக்கம், ஆறு நாளும் நான்கு மணி நேரம். 156 நாள், தகுதிக்குக் கவலையே இல்லை. ஆனால் சராசரி நாள் ஊதியம் 300 ஆகிவிடுகிறது. நோய் உதவி அதில் 70 சதவீதம், 210 ரூபாய். மூன்று முழு நாள் என்றால் அது 420. டெங்கு வந்து பத்து நாள் படுத்தால், முதல் இரண்டு காத்திருப்பு நாள் போக எட்டு நாளுக்கு ஒருவருக்கு 3,360, இன்னொருவருக்கு 1,680.

நடுவில் ஐந்து நாள், நாளுக்கு 4 மணி 48 நிமிடம். நாள் ஊதியம் 360, நோய் உதவி 252, சந்தாக் காலத்தில் 130 நாள். இந்தத் தொழிலாளிக்கு ஐந்து நாள்தான் சரி. காரணம் நோய் உதவியைவிட 240 என்ற எண். தொழிற்சாலைச் சட்டத்தில் சம்பள விடுப்புக்கு ஆண்டுக்கு 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) தொடர் பணிக்கும் அதே 240. வாரம் மூன்று நாள் என்றால் ஆண்டுக்கு 156, இரண்டும் கேள்விக்குறி. ஐந்து நாள் என்றால் 260, இருபது நாள் இடைவெளி இருக்கிறது. நிர்வாகமே வேலை கொடுக்காத நாட்களால் பணித் தொடர்ச்சி அறுவதில்லை என்று வாதிடலாம், அதற்கு இடமும் உண்டு. ஆனால் எட்டு வருடம் கழித்து லேபர் கோர்ட்டில் நிறுவுவதைவிட இப்போதே 240-ஐத் தாண்டி நிற்பது எளிது.

எந்த முறையைத் தேர்ந்தாலும் 2024 ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு பள்ளம் இருக்கிறது. அந்த ஆறு மாத நோய் உதவிக்கு 2023 அக்டோபர்–2024 மார்ச் சந்தாக் காலம் பார்க்கப்படும். அதில் அவருக்குச் சம்பளம் வந்தது விபத்து நாள் வரை 31 நாள்தான். ஆக அந்த ஆறு மாதத்தில் காய்ச்சல், மஞ்சள்காமாலை என்று படுத்தால் மருத்துவம் கிடைக்கும், பணம் கிடைக்காது. அதே கையின் காயம் கிளம்பினால் மட்டும் தற்காலிக ஊன உதவியைத் திரும்பக் கேட்கலாம். அதற்குச் சந்தா நாள் தேவையில்லை. இந்தப் பள்ளத்தை முன்கூட்டியே அறிந்தால் ஈட்டிய விடுப்பை அதற்கென்று நிறுத்திவைக்கலாம்.

நிரந்தர ஊன உதவியை நோய் உதவியோடு சேர்த்து வாங்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. சேர்த்து வாங்கக் கூடாதவை என்று 65-ஆம் பிரிவு சொல்லும் பட்டியலில் தற்காலிக ஊன உதவி இருக்கிறது. நிரந்தர உதவி இல்லை.

கடிதத்தில் ஒரு வரி

நேரம் குறைக்கும்போது நிர்வாகம் ஒரு தாளை நீட்டும். ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் குறைந்த நேரம் பணிபுரியச் சம்மதிக்கிறேன்.’ கையெழுத்துப் போடும் முன் நிறுத்த வேண்டியது இந்த வரியில்தான். குறைந்தபட்ச ஊதியம் நாள் கணக்கில் நிர்ணயிக்கப்பட்ட தொழிலில், ஒரு நாள் வேலைக்கு வந்தவருக்கு முழு நேர வேலை கொடுக்காமல் அனுப்பினாலும் முழு நாள் ஊதியம் தரவேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. முக்கியமான விலக்கு: வேலை பார்க்கத் தொழிலாளிக்கு விருப்பமில்லாமல் போனால். ‘சொந்த விருப்பம்’ என்ற சொற்கள் அந்த விலக்குக்குள் அவரைத் தள்ளப் பயன்படும். அரைநாள் முறையை நிர்வாகங்கள் விரும்பாததற்கும், மூன்று நாள் என்று வற்புறுத்துவதற்கும் இந்தப் பிரிவும் ஒரு காரணம்.

அதற்குப் பதில் எழுதவேண்டிய வாசகம்: ‘6.11.2023 அன்று பணியில் நடந்த விபத்தால் ஏற்பட்ட ஊனத்தின் காரணமாக, நிர்வாகம் ஒதுக்கிய செக்கிங் பணியை, நிர்வாகம் நிர்ணயித்த நேரத்தில் செய்துவருகிறேன். கை தேறும்போது நேரத்தைக் கூட்டித்தரக் கேட்டுக்கொள்கிறேன்.’ இரண்டு பிரதி. ஒன்றில் ஆபீஸ் முத்திரை. நேரத்தையோ ஊதியத்தையோ தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவு சொல்வதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இருபது பேர் வேலை பார்க்கும் ஆலையில் அதைச் சொல்லி முதல் நாளே முறைத்துக்கொள்வதைவிட, கடித வாசகத்தைச் சரிசெய்வதுதான் நடைமுறைக்கு ஆகும்.

செக்கிங் டேபிளில்

நேரம் குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் திறமை இல்லாமை அல்ல, கை சோர்வதுதான். கட்டைவிரலையும் மோதிர விரலையும் சேர்த்துப் பிடிக்கும்போது உள்ளங்கையின் வெளிப்பக்கத் தசை முழுப் பாரத்தையும் ஏற்கிறது. இரண்டு இரண்டரை மணி நேரத்தில் அது இறுகும். பிறகு பீஸ்கள் நழுவும், ரிஜெக்‌ஷன் தவறிப்போகும். இதை டேபிளிலேயே பாதி தீர்க்கலாம். பீஸின் அளவு சரியா என்று பார்க்கும் கோ, நோ-கோ கேஜை வலது கையில் பிடிப்பதற்குப் பதில் ஒரு ஸ்டாண்டில் இறுக்கிவிட்டால், இடது கை பீஸைக் கொண்டுபோய் நுழைத்தால் போதும். உள்ளே வரும் டப்பா இடப்பக்கம், முழங்கை உயரத்தில். 20 கிலோ கிரேட்டைத் தூக்கவிடாமல் 5 கிலோ டிரேயாகப் பிரிக்க வேண்டும். ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் கையை விரித்துத் தொங்கவிட வேண்டும். பிசிறு நீக்காத பீஸ்களின் விளிம்பு அடித்தண்டில் பட்டால் மின்சாரம் பாய்வது போலிருக்கும். பருத்திக் கையுறையில் காலியான இரண்டு விரல்களை உள்ளே தள்ளித் தைத்துவிட்டால் அது மெத்தைபோல் தாங்கும், மெஷினில் சிக்கும் அபாயமும் இல்லை.

அடித்தண்டின் கூச்சத்தைக் குறைக்கும் பயிற்சி வீட்டில் செய்வது. புண் முழுக்க ஆறித் தையல் தழும்பு மூடிய பிறகு, முதலில் பஞ்சால் வருடுவது, பிறகு துண்டால், பிறகு ஒரு கிண்ணம் அரிசிக்குள் கையை விட்டு அளைவது. ஒரு நேரத்துக்குப் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை. வீங்கினாலோ சிவந்தாலோ நிறுத்தி டிஸ்பென்சரிக்குப் போகவேண்டும். கை இடம்கொடுத்தால் இரண்டு வாரத்துக்கு அரை மணி நேரம் என்று வேலையைக் கூட்டலாம். கூட்டிய நேரத்தையும் கடிதமாக வாங்க வேண்டும்.

வீட்டுக் கணக்கு

முன்பு 15,600. இப்போது 7,800-உம் 3,240-உம் சேர்ந்து 11,040. மாதம் 4,560 துண்டு விழுகிறது. நிரந்தர ஊன உதவி இந்தத் துண்டை நிரப்புவதற்காக வந்தது அல்ல. பாதி வேலை போனால் பாதி தருவது என்ற கணக்கு அதில் இல்லை. போர்டு சொன்ன சதவீதம்தான் அளவு. வேலை நேரம் எட்டிலிருந்து நாலானாலும் 108, மறுபடி எட்டானாலும் 108. அவ்வப்போது விலைவாசியை ஒட்டி இஎஸ்ஐ கழகம் உயர்த்தும்போது மட்டும் கூடும்.

இதன் மறுபாதியைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: எவ்வளவு சம்பாதித்தாலும் அது குறையாது. நிரந்தர உதவி வாங்குகிறவர் வேறு வேலை பார்த்தால் பென்ஷன் நின்றுவிடும் என்று டீக்கடை வரை பேச்சு இருக்கிறது. தற்காலிக உதவிக்கான விதியை நிரந்தர உதவியின் மேல் ஏற்றிச் சொல்வதால் வந்த குழப்பம் அது. மதியத்துக்கு மேல் மாவுக் கடையில் நின்றாலும், வாட்ச்மேன் வேலை பார்த்தாலும், ஆட்டோ ஓட்டினாலும் அந்த 3,240-க்கு ஒன்றும் ஆகாது. மறைக்கவும் தேவையில்லை. ஐந்து நாள் முறையில் மதியமே வேலை முடிவதால் 4,560-இல் ஒரு பங்கை இப்படித்தான் ஈடுகட்ட முடியும்.

கடினமானது ஏப்ரல் முதல் ஜூலை வரைக்கும்தான். 540 நின்றுவிட்டது, 108 இன்னும் தொடங்கவில்லை. கையில் 7,800 மட்டும். தற்காலிக உதவி வந்த மாதங்களில் 16,200 முழுவதையும் செலவழிக்காமல் மாதம் 2,500 ஒதுக்கினால், நான்கு மாதத்தில் 10,000 இந்தப் பள்ளத்துக்கு இருக்கும். நகையை அடகு வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், ஆகஸ்டில் வரும் 13,176 முதலில் அதை மீட்கப் போகவேண்டும். டிவிக்கோ போனுக்கோ அல்ல. மொத்தமாக வாங்கித் தருகிறேன் என்று வரும் புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடலாம். தினத்தொகை மிகச் சொற்பமாக இருந்தால்தான் மொத்தமாக மாற்ற முடியும். 108 ரூபாய்க்கு அந்த வழி கிடையாது. இந்த உதவியை அடமானம் வைக்கவும் முடியாது, கடனுக்காக எந்த நீதிமன்றமும் ஜப்தி செய்யவும் முடியாது என்று 60-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டு வட்டிக்குக் கொடுப்பவரிடம் போகவே கூடாது. உயிர்ச் சான்று கொடுக்கத் தவறினால் தொகை நின்றுபோகும். இது மறதியால் நடப்பது.

சந்தாவையும் மாதாமாதம் பார்க்க வேண்டும். முந்தைய மாதச் சந்தாவுக்குக் கெடு 15-ஆம் தேதி. அதன் பிறகு இஎஸ்ஐ தளத்திலோ உமங் செயலியிலோ எத்தனை நாள், எவ்வளவு ஊதியம் என்று ஏறியிருக்கிறது பார்க்கலாம். 22 நாள் வந்தவருக்கு 11 என்று போடுவது (இரண்டு அரை நாளை ஒரு நாளாக்கும் கணக்கு) குறைந்த நேர வேலையில் எளிதில் நடக்கக்கூடிய பிழை. சட்டம் கேட்பது சம்பளம் வந்த நாளைத்தான், மணியை அல்ல. ஒரேயடியாக ‘வேலையை விட்டார்’ என்று பதிந்துவிடுவதும் நடக்கும்.

பணிக்கொடையும் அதற்குப் பின்னும்

இன்னும் நாலு வருடம் இப்படியே ஓடி, பிறகு அவர் வேலையை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊதியம் முழுதும் அடிப்படையும் பஞ்சப்படியும்தான் என்றும் கொள்வோம். கணக்கர் கடைசிச் சம்பளமான 7,800-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 12 வருடத்துக்குப் போடுவார்: 54,000. இது தவறு. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின் 4(4) பிரிவு, ஊனத்துக்குப் பிறகு குறைந்த ஊதியத்தில் வேலை பார்த்தவருக்கென்றே எழுதப்பட்டது. ஊனத்துக்கு முந்தைய வருடங்களுக்குப் பழைய ஊதியம், பிந்தைய வருடங்களுக்குக் குறைந்த ஊதியம். எட்டு வருடத்துக்கு 72,000, நாலு வருடத்துக்கு 18,000, ஆக 90,000. வித்தியாசம் 36,000 ரூபாய். இதை நிரூபிக்கத் தேவைப்படுவது விபத்துக்கு முந்தைய ஒரு சம்பளச் சீட்டும், மேலே சொன்ன அந்த முத்திரை வைத்த கடிதமும்.

வருங்கால வைப்புநிதியின் ஓய்வூதியத்துக்கு இப்படியொரு தனிப்பிரிவு இல்லை. கடைசி 60 மாதச் சராசரி பார்க்கப்படுவதால் நீண்ட காலம் பாதிச் சம்பளத்தில் இருந்தால் ஓய்வூதியமும் இறங்கும். அதனால்தான் நேரத்தை நிரந்தரமாகப் பாதியிலேயே விட்டுவிடாமல், கை தேறத் தேறக் கூட்டிக்கேட்பது முக்கியமாகிறது.

இந்த ஊனத்தால் வேலையே முடியாமல் போனால், மாதம் 10 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் மனைவிக்கும் இஎஸ்ஐ மருத்துவத்தைத் தொடரலாம், ஓய்வு வயது வரை. அடித்தண்டில் நரம்பு முடிச்சு பெரிதாகி மறு அறுவைச் சிகிச்சை வந்தால், அந்த நாட்களுக்குத் தற்காலிக உதவி. அதன் பின் கை முன்னைவிட மோசமானால் 55-ஆம் பிரிவின்படி போர்டிடம் மறுமதிப்பீடு கேட்கலாம். இறுதி மதிப்பீடு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் கேட்பதானால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் அனுமதி வேண்டும். தற்காலிக மதிப்பீடாக இருந்தால் ஆறு மாதம். போர்டு உத்தரவில் எந்தச் சொல் இருக்கிறது என்று வாங்கிய அன்றே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.